மகாராஜாவின் பெயர் நம் நடிகருக்கு வந்த கதை

புனே வாழ் தமிழர்களில் பெரும்பாலோர் எப்போதாவது ஒரு முறை சந்தித்திருக்கக்கூடிய கேள்வி ஒன்று உண்டு. "உங்கள் ஊர் நடிகருக்கு எங்கள் மகாராஜாவின் பெயர் எப்படி வந்தது?" என்பதே அது. கேட்பவர் சில சமயம் ஆசையோடு கேட்பார். சில சமயம் குரலில் லேசான கோபமும் இருக்கும். நம்மில் பலர் "அது ஒரு நாடகத்தில் நடித்ததால் வந்தது" என்று அரைகுறையாகச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவோம்.

சென்ற மாதம் இந்தக் கேள்வி என் வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது. என் மகள் நான்காம் வகுப்பு படிக்கிறாள். மகாராஷ்டிரத்தில் நான்காம் வகுப்புச் சரித்திரப் பாடம் என்றால் சத்ரபதி சிவாஜி மகாராஜாவின் வரலாறுதான் என்பது பிள்ளை பெற்ற நமக்கெல்லாம் தெரியும். வகுப்பில் இவள் எழுந்து, "எங்கள் தாத்தாவுக்குப் பிடித்த நடிகர் பெயரும் சிவாஜிதான்" என்று சொல்லியிருக்கிறாள். பிள்ளைகள் சிரித்திருக்கிறார்கள். ஒரு பையன், "மகாராஜ் பெயரை நடிகன் வைத்துக்கொள்ளலாமா?" என்று கேட்டிருக்கிறான். சாயங்காலம் வீட்டுக்கு வந்தவள், "அப்பா, அவர் ஏன் மகாராஜ் பேரை எடுத்துக்கிட்டார்?" என்று அழாக்குறையாகக் கேட்டாள். தாத்தாவின் படத்துக்கு அருகில் மாட்டியிருக்கும் கட்டபொம்மன் படத்தைக் கழற்றச் சொல்வாளோ என்று எனக்குப் பயம் வந்துவிட்டது.

மறுநாள் பார்சல் ஆபீசில் இதைச் சொன்னேன். எங்கள் தலைமை எழுத்தர் ஓய்வு பெற இன்னும் சில மாதங்களே உள்ள மராத்தியப் பெரியவர். எல்லோரும் 'காகா' என்றுதான் அழைப்போம். அவர் ரசீதுப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, "பிள்ளை கேட்டது நியாயம்தானே? எடுத்துக்கொண்டாரா, யாராவது கொடுத்தார்களா? அதைச் சொல்" என்றார். அவருக்குச் சொன்னதையும் என் மகளுக்குச் சொன்னதையும் சேர்த்துத்தான் இங்கே எழுதுகிறேன்.

ரயில்வே வீட்டுப் பிள்ளை

வி.சி. கணேசன் 1928-ம் ஆண்டு அக்டோபர் 1-ந் தேதி விழுப்புரத்தில் பிறந்தவர். தகப்பனார் சின்னையா மன்றாயர், தாயார் ராஜாமணி அம்மாள். தகப்பனாரின் ஊர் தஞ்சாவூர்ப் பக்கத்து வேட்டைத்திடல். 

ரயில்வேயில் சம்பளம் வாங்கும் என்னைப் போன்றவர்களுக்குச் சொல்லிக்கொள்ளப் பெருமையான விஷயம் ஒன்று உண்டு. சின்னையா மன்றாயரும் ரயில்வே ஊழியர்தான். ஆனால் அவர் நம்மைப் போல ஓய்வூதியத்தை எண்ணிக்கொண்டு இருந்தவர் அல்லர். சுதந்திரப் போராட்டத்தில் இறங்கி, வெள்ளைக்காரச் சிப்பாய்கள் வந்த ரயிலுக்கு வெடி வைக்க முயன்ற வழக்கில் சிறைக்குப் போனவர். தாம் பிறந்த வேளையில்தான் தகப்பனார் கைதானார் என்று சிவாஜி தமது சுயசரிதையில் சொல்லியிருக்கிறார். பிள்ளை தகப்பன் முகத்தைப் பார்க்கச் சில ஆண்டுகள் காத்திருக்க வேண்டியதாயிற்று.

விழுப்புரம் என்ற ஊரையும் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். அதற்கு அருகில்தான் செஞ்சிக் கோட்டை இருக்கிறது. சத்ரபதி சிவாஜி தெற்கு நோக்கிப் படையெடுத்து வந்து 1677-ல் செஞ்சியைப் பிடித்தார். அந்தப் பயணத்தில் தஞ்சையை ஆண்ட தம்பி ஏகோஜியைக் கொள்ளிடக் கரையில் திருமழபாடியில் சந்தித்தார். தஞ்சையில் மராத்தியர் ஆட்சி 1855 வரை நடந்தது. 2025 ஜூலையில் யுனெஸ்கோ அமைப்பு மராத்தியர் கோட்டைகள் பன்னிரண்டை உலகப் பாரம்பரியச் சின்னங்களாக அறிவித்தபோது, பதினொன்று மகாராஷ்டிரத்தில் இருந்தன; பன்னிரண்டாவது நம் செஞ்சி. ஆகவே மகாராஜாவின் பெயர் நடிகர் ஒருவர் மூலம்தான் முதன் முதலாகத் தமிழ்நாட்டுக்கு வந்தது என்பதில்லை. செஞ்சிப் பக்கமும் தஞ்சைப் பக்கமும் அந்தப் பெயரை 250 ஆண்டுகளாகவே அறிந்திருந்தன. அந்த இரண்டு பக்கத்துக்கும் சொந்தக்காரராகப் பிறந்த பிள்ளை இவர்.

அநாதை என்று சொல்லிச் சேர்ந்தவர்

குடும்பம் பிறகு திருச்சி சங்கிலியாண்டபுரத்துக்கு வந்தது. அங்கே ஒரு நாள் கட்டபொம்மன் கூத்து நடந்தது. தகப்பனாரோடு பார்க்கப் போன சிறுவன், கூத்தில் வெள்ளைக்காரச் சிப்பாய்களாக நிற்க ஆள் வேண்டும் என்றபோது தானும் போய் நின்றுவிட்டான். வீட்டில் அடி கிடைத்தது. ஆனால் மனம் அங்கேயே தங்கிவிட்டது.

கொஞ்ச நாளில், யதார்த்தம் பொன்னுசாமிப் பிள்ளையின் நாடகக் கம்பெனி திருச்சியில் முகாம் போட்டிருந்தபோது, தாய் தகப்பன் இல்லாத அநாதை என்று பொய் சொல்லி அதில் சேர்ந்தான். கம்பெனி முகாமைக் கிளப்பிக்கொண்டு அடுத்த ஊருக்குப் போயிற்று; பையனும் போனான்.

பாய்ஸ் கம்பெனி வாழ்க்கை எப்படிப்பட்டது என்பதை இன்றைய பிள்ளைகளுக்குச் சொன்னால் நம்ப மாட்டார்கள். விடியுமுன் எழுந்து பாட்டுப் பயிற்சி. அப்புறம் வசனம், நடை, நாட்டியம், கத்திச் சண்டை. இரவில் நாடகம். தன் வேஷத்தின் வசனம் மட்டும் தெரிந்தால் போதாது. நாடகத்தின் எல்லா வேஷத்துக்கும் வசனம் மனப்பாடமாக இருக்க வேண்டும். ஒருவனுக்குக் காய்ச்சல் என்றால் இன்னொருவன் அன்றிரவே அந்த வேஷத்தில் நிற்க வேண்டும். பண்டிகைக்கு வீட்டுக்குப் போவதெல்லாம் நினைத்துப் பார்க்க முடியாத காரியம்.

கணேசனுக்குக் கிடைத்த முதல் வேஷம் ராமாயணத்தில் சீதை. அதே ராமாயணத்தில் பிறகு பரதன், சூர்ப்பனகை, இந்திரஜித்து என்று ஒவ்வொன்றாகப் போட்டுப் பழகினார். அந்தக் கம்பெனியில் எம்.ஆர். ராதாவும் காக்கா ராதாகிருஷ்ணனும் இருந்தார்கள். பெண் வேஷத்தில் அவர் வெகு நாள் இருந்தார். பிற்காலத்தில் அவருடைய கண்ணும் கையும் அத்தனை பேசியதற்கு அந்த நாள் பயிற்சியே அடிப்படை.

இந்த இடத்தில் காகா என்னை நிறுத்தினார். "இது எங்கள் பால கந்தர்வர் கதை மாதிரி இருக்கிறதே!" என்றார்.

பால கந்தர்வரும் நம்மவரும்

ஜங்கிலி மகாராஜ் ரோடில் 1968-ல் திறக்கப்பட்ட பால கந்தர்வ ரங்கமந்திரை அறியாத புனேக்காரர் இல்லை. ஆனால் அந்தப் பெயருக்குரியவர் யார் என்று நம் தமிழ்ப் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியும்? நாராயணராவ் ராஜஹன்ஸ் என்பது அவர் இயற்பெயர். 1888-ல் பிறந்தார். மராத்தி இசை நாடக மேடையில் பெண் வேஷத்துக்கு அவரை விஞ்ச ஆள் இல்லை. அவர் மேடையில் கட்டிய சேலையைப் பார்த்து நல்ல குடும்பத்துப் பெண்கள் சேலை கட்டினார்கள் என்று இன்னும் சொல்வார்கள். 1911-ல் 'மானாபமான்' நாடகத்தின் முதல் நாளன்று அவருடைய கைக்குழந்தை இறந்துபோயிற்று. ஆனாலும் இரவு மேடை ஏறி நடித்தார் என்பது மராத்திய நாடக உலகம் மறக்காத சம்பவம். 1935-ல் சாந்தாராம் இயக்கத்தில், புனேயின் பிரபாத் கம்பெனி எடுத்த 'தர்மாத்மா' படத்தில் ஏகநாதராக நடித்தார். ஆனால் சினிமா அவருக்கு ஒத்து வரவில்லை. கடனும் நோயும் சேர்ந்து கொண்டன. 1967-ல் இதே புனேயில் காலமானார்.

அவருக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது? சிறுவனாக இருந்தபோது அவர் பாடியதைக் கேட்ட லோகமான்ய திலகர், "இவன் பால கந்தர்வன்" என்று சொன்னாராம். அந்தச் சொல்லே பெயராக நிலைத்துவிட்டது என்பார்கள்.

"அப்படியானால் கேளுங்கள் காகா. எங்கள் நடிகருக்குப் பெயர் வைத்தவரும் ஒரு தலைவர்தான்" என்றேன்.

ஒரு பகலில் 90 பக்கம்

1940-களின் நடுப்பகுதி. அறிஞர் அண்ணா 'சிவாஜி கண்ட இந்து ராஜ்யம்' என்ற நாடகத்தை எழுதியிருந்தார். சுயமரியாதை மாநாட்டில் அது அரங்கேற வேண்டும். சிவாஜி வேஷத்தில் எம்.ஜி.ஆர். நடிப்பதாக முதலில் ஏற்பாடு. அது நடக்காமல் போயிற்று. மாநாட்டு நாளோ நெருங்கிக்கொண்டிருந்தது. மெலிந்த உடம்போடு அங்கே இருந்த கணேசன் என்ற இளைஞரை அண்ணா கூப்பிட்டார். ஏறத்தாழ 90 பக்க வசனத்தைக் காலையில் கொடுத்துப் படிக்கச் சொல்லிவிட்டுப் போனார். மாலையில் திரும்பி வந்தபோது கணேசன் ஏட்டைப் பாராமல் நடித்துக் காட்டினார்.

இதை இன்று யாரும் பிறவி மேதை என்ற ஒரே வார்த்தையில் சொல்லிவிடலாம். ஆனால் எல்லா வேஷத்துக்கும் வசனம் தெரிந்திருக்க வேண்டும் என்று பாய்ஸ் கம்பெனியில் பிரம்படி பட்டுப் பழகிய பழக்கமே அன்று கைகொடுத்தது என்பது என் எண்ணம்.

நாடகம் நடந்தது. காகப்பட்டர் வேஷத்தில் அண்ணாவே நடித்தார். தலைமை வகித்த தந்தை பெரியார், இந்தப் பையன் யார் என்று விசாரித்து, இனி இவன் சிவாஜி கணேசன் என்று மேடையிலேயே அறிவித்தார். அன்று முதல் வி.சி. கணேசன், சிவாஜி கணேசன் ஆனார்.

ஆகவே என் மகளின் கேள்விக்குப் பதில் இதுதான். அவர் பெயரை எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு பகல் முழுக்க வசனம் படித்து, ஓர் இரவு மேடையில் நின்றதற்குக் கூலியாக அது கொடுக்கப்பட்டது.

அந்த நாடகத்தின் கருவையும் சொல்லியாக வேண்டும். போரில் வென்று ராஜ்யம் கண்ட வீரனுக்கு, பிறந்த குலத்தைக் காட்டிப் பட்டாபிஷேகம் செய்யத் தயங்கினார்கள். காசியிலிருந்து காகப்பட்டர் வந்த பிறகே 1674-ல் ராய்கட் கோட்டையில் முடிசூட்டு விழா நடந்தது. இந்த வரலாற்றைத்தான் அண்ணா நாடகமாக்கினார். இது மராத்திய மண்ணுக்குப் புதிய கேள்வி அல்ல. இதே புனேயைச் சேர்ந்த மகாத்மா ஜோதிராவ் பூலே 1869-லேயே சிவாஜி மகாராஜாவைப் பற்றிப் 'பவாடா' எழுதி, அவரை உழுது பிழைக்கும் மக்களின் அரசராகக் காட்டியவர். மகாராஜாவை இகழ வந்த நாடகம் அன்று அது. அவருக்கு நேர்ந்த இகழ்ச்சியைக் கேள்வி கேட்க வந்த நாடகம்.

காகா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "பூலேயின் பவாடாவை என் பாட்டனார் மனப்பாடமாகச் சொல்வார்" என்றார்.

தீபாவளிக்கு வந்த நட்சத்திரம்

சக்தி நாடக சபாவின் 'நூர்ஜஹான்' நாடகத்தில் கணேசன் நூர்ஜஹானாகவே வேஷம் கட்டினார். அதைப் பார்த்தவர் நேஷனல் பிக்சர்ஸ் பி.ஏ. பெருமாள். பெண் வேஷத்தில் கண்டவரைத் தம் படத்துக்குக் கதாநாயகனாக ஆக்கினார். அதுதான் 'பராசக்தி'. உடம்பு ஒல்லி, முகம் கேமராவுக்கு ஒத்து வராது என்று ஆட்சேபம் எழுந்தது. பெருமாள் விட்டுக்கொடுக்கவில்லை. மு. கருணாநிதியின் வசனம், கிருஷ்ணன்-பஞ்சு இயக்கம். 1952 அக்டோபர் 17, தீபாவளியன்று படம் வந்தது. அன்று வரை கதாநாயகன் என்றால் பாடத் தெரிந்தவன். அன்று முதல் பேசத் தெரிந்தவன். நீதிமன்றக் காட்சியின் வசனத்தை ஊர் ஊராகப் பிள்ளைகள் ஒப்பித்தார்கள். என் தகப்பனார் கட்கி வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலைக்கு வந்த காலத்திலும் பொங்கல் விழாவில் அதை ஒப்பித்துப் பரிசு வாங்கியதாகச் சொல்வார்.

அதற்குப் பிறகு வந்த படங்களை அடுக்கினால் பத்திரிகையின் பக்கம் போதாது. 280-க்கும் மேல். ஒவ்வொரு வகைக்கும் ஒன்று மட்டும் சொல்கிறேன். பாட்டே இல்லாமல் 1954-ல் வந்த 'அந்த நாள்'. அண்ணன் தங்கைப் பாசத்துக்கு 1961-ன் 'பாசமலர்'. ஒன்பது வேஷம் கட்டிய அவரது 100-வது படம் 'நவராத்திரி', 1964. நாதஸ்வரக்காரரின் மூச்சும் விரலும் கன்னமும் அப்படியே அமைந்த 'தில்லானா மோகனாம்பாள்', 1968. மூன்று வேஷங்களோடு ஆஸ்கார் போட்டிக்கு இந்தியாவிலிருந்து அனுப்பப்பட்ட 'தெய்வ மகன்', 1969. சத்தமே போடாமல் ஒரு கிராமத்துப் பெரியவராக வாழ்ந்து காட்டிய 'முதல் மரியாதை', 1985.

இவற்றின் கதைகள் வடக்கேயும் போயின. 'அமரதீபம்' ஹிந்தியில் தேவ் ஆனந்தோடு 'அமர் தீப்' ஆயிற்று. 'பாசமலர்' அசோக் குமாரோடு 'ராக்கி' ஆயிற்று. 'நவராத்திரி'யின் ஒன்பது வேஷத்தையும் 1974-ல் 'நயா தின் நயி ராத்' படத்தில் சஞ்சீவ் குமார் போட்டார். காகா இந்தப் படத்தை அலக்கா டாக்கீஸ் பக்கத்து நண்பர்களோடு பார்த்தவராம். "மூலம் உங்களுடையதா? இத்தனை நாள் சொல்லவே இல்லையே!" என்று என்னையே கடிந்துகொண்டார்.

மிகை நடிப்பா?

சிவாஜியைப் பற்றிப் பேசினால் ஒரு குறையும் உடனே வந்துவிடும். மிகையாக நடித்தார் என்பார்கள். படித்த நம் பிள்ளைகளும் இதைச் சொல்லக் கேட்டிருக்கிறேன். இதில் உண்மையே இல்லை என்று நான் வாதாடப் போவதில்லை. சில படங்களில், குறிப்பாகப் பிற்காலத்துப் படங்களில், தேவைக்கு மேல் குரலும் முகமும் போயிருக்கின்றன. கதை பலவீனமாக இருந்தபோது தன் தோளில் படத்தைத் தூக்கிப் பார்த்தார். அது சில இடத்தில் பாரமாகவே தெரிந்தது.

ஆனால் அவர் பழகிய மேடையை நினைக்க வேண்டும். தரை டிக்கெட்டில் கடைசியில் உட்கார்ந்திருப்பவனுக்குக் கண்ணீர் தெரியாது. தோள் குலுங்குவது தெரியும். முணுமுணுப்பு கேட்காது, குரலின் ஏற்ற இறக்கம் கேட்கும். அந்தக் கடைசி வரிசைக்காரனை ஏமாற்றக் கூடாது என்பது மேடைக்காரனின் தர்மம். இது மராத்திய நாடகத்தை அறிந்தவர்களுக்கு நாம் விளக்க வேண்டிய விஷயமே அல்ல. அடக்கி நடிக்க அவருக்குத் தெரியாது என்பவர்கள் 'அந்த நாள்', 'முதல் மரியாதை' இரண்டையும் ஒரே நாளில் போட்டுப் பார்க்கட்டும். இரண்டுக்கும் நடுவே 31 ஆண்டுகள்.

சினிமாவில் உச்சத்தில் இருந்தபோதும் அவர் மேடையை விடவில்லை என்பதும் முக்கியம். சக்தி கிருஷ்ணசாமி எழுதிய 'வீரபாண்டிய கட்டபொம்மன்' நாடகத்தை 1957-ல் சேலத்தில் அரங்கேற்றிப் பல ஊர்களில் நடத்தினார். வசூல் பள்ளிக்கூடங்களுக்கும் பொதுக் காரியங்களுக்கும் போயிற்று. 1959-ல் அதுவே பி.ஆர். பந்துலு இயக்கத்தில் படமாயிற்று. 1960-ல் கெய்ரோவில் நடந்த ஆசிய ஆப்பிரிக்கப் பட விழாவில் சிறந்த நடிகர் விருதை அவருக்கு வாங்கிக் கொடுத்தது. திருச்சியில் கூத்துப் பார்த்து அடி வாங்கிய சிறுவன், அதே கட்டபொம்மனால் உலக அரங்கில் விருது வாங்கினான். கட்டபொம்மன் 1799-ல் தூக்கிலிடப்பட்ட கயத்தாற்றில் தம் சொந்தச் செலவில் சிலையும் எழுப்பினார்.

புனேக்கு அருகே ஒரு சத்ரபதி

"சரி, மகாராஜாவாக அப்புறம் நடித்தாரா?" என்று காகா கேட்டார். நடித்தார். 1970-ல் வந்த 'ராமன் எத்தனை ராமனடி' படத்தில், நடிகனாகிவிட்ட நாயகன் சத்ரபதி வேஷத்தில் தோன்றும் காட்சி இருக்கிறது. 1973-ல் தெலுங்கில் 'பக்த துக்காராம்' எடுத்தார்கள். துக்காராமாக நாகேஸ்வர ராவ். அவரைத் தேடி வரும் சத்ரபதியாக நம் சிவாஜி. துக்காராமின் தேஹுவோ நமக்குப் பக்கத்து ஊர். தேஹு ரோடு தமிழர்கள் லோக்கல் ரயிலில் தினம் வந்து போகும் வழி. இதே துக்காராமைப் பிரபாத் கம்பெனி 1936-ல் புனேயில் படமாக்கி, அது வெனிஸ் பட விழா வரை போய்ப் பாராட்டுப் பெற்றது.

திலகருக்கும் அவருக்கும் கூட ஒரு தொடர்பு உண்டு. 1961-ல் 'கப்பலோட்டிய தமிழன்' படத்தில் வ.உ. சிதம்பரனாராக வாழ்ந்தார். வ.உ.சி. யாரைத் தம் அரசியல் குருவாகக் கொண்டார்? கேசரி வாடாவில் வாழ்ந்த லோகமான்ய திலகரை. செக்கிழுத்த காட்சியைப் பார்த்துக் கண் கலங்காத தமிழர் இல்லை. ஆனால் வெளியான காலத்தில் படம் ஓடவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

"எங்கள் ஊரில் அவரை நடிகர் திலகம் என்றுதான் சொல்வோம்" என்று நான் சொன்னதும் காகா பலமாகச் சிரித்துவிட்டார். "மகாராஜாவை எடுத்தீர்கள், திலகரையும் விடவில்லையா?" என்றார். பக்கத்துக் கவுண்டர்க்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

தீனாநாத்தின் மகள் கண்ட அண்ணன்

இந்த ஊரோடு அவருக்கு இருந்த இன்னொரு பந்தம் இன்னும் நெருக்கமானது. மராத்திய மேடையின் பெரிய பாடகர் நடிகர் மாஸ்டர் தீனாநாத் மங்கேஷ்கர். பல்வந்த் சங்கீத மண்டலி என்ற நாடகக் கம்பெனி நடத்தியவர். அவரும் பெண் வேஷம் போட்டவர். கம்பெனி நொடித்து, 1942-ல் புனேயில் காலமானார். மூத்த மகள் லதாவுக்கு அப்போது பன்னிரண்டு வயது நிறைந்திருந்தது. குடும்பத்தைக் காப்பாற்ற அந்தப் பெண் சினிமாவில் நடிக்கவும் பாடவும் போனார்.

அதே லதா மங்கேஷ்கர்தான் சிவாஜியின் 'பாவ மன்னிப்பு' படத்தைப் பார்த்துவிட்டு அவரைச் சந்தித்து, அண்ணனாக வரித்துக்கொண்டார். ராக்கி கட்டினார். சென்னைக்கு வந்தால் சிவாஜியின் 'அன்னை இல்லம்'தான் அவருக்குத் தாய் வீடு. அவர் வந்தால் தங்குவதற்கென்றே அங்கே தனி வீடு கட்டி வைத்தார் சிவாஜி. 1987-ல் சிவாஜி குடும்பத்தார் எடுத்த 'ஆனந்த்' படத்தில் இளையராஜா இசையில் லதா தமிழில் பாடியதும் இந்தப் பாசத்தால்தான்.

தமிழ் தெரியாத பெண்ணுக்குத் தமிழ் நடிகர் எப்படி அண்ணன் ஆனார் என்று சிலர் ஆச்சரியப்படுவார்கள். எனக்கு அதில் ஆச்சரியம் இல்லை. இருவருமே நாடகக் கம்பெனி வாழ்வைச் சிறு வயதில் கண்டவர்கள். இருவரும் குழந்தைப் பருவத்தைப் பிழைப்புக்குக் கொடுத்தவர்கள். கூடாரம் பிரித்து மூட்டை கட்டும் சத்தம் எந்த மொழியிலும் ஒரே சத்தம்தான்.

கிடைத்ததும் கிடைக்காததும்

பெயர் கொடுத்த இயக்கத்தோடு அவர் கடைசி வரை இருக்கவில்லை. 1950-களின் நடுவில் அவர் திருப்பதிக்குப் போய் வந்ததைச் சொந்தத் தோழர்களே ஏசினார்கள், போஸ்டரைக் கிழித்தார்கள். விலகி, காமராஜரின் பக்கம் போனார். மாநிலங்களவை உறுப்பினராக இருந்தார். 1988-ல் தனிக்கட்சி கண்டு, 1989 தேர்தலில் திருவையாற்றில் தாமே தோற்றார். அவரது படத்துக்குக் கைதட்டிய கைகள் எல்லாம் ஓட்டுப் போடவில்லை. அரசியலில் நடிக்கத் தெரியாதவர் என்று ரசிகர்கள் ஆறுதல் சொல்லிக்கொண்டார்கள். ஆனால் இத்தனைக்குப் பிறகும், பெரியார் வைத்த பெயரை அவர் மாற்றிக்கொள்ளவில்லை.

சிறந்த நடிகருக்கான தேசிய விருது அவருக்கு ஒரு முறை கூடக் கிடைக்கவில்லை. நம்ப முடிகிறதா? 'தேவர் மகன்' படத்துக்குச் சிறப்பு விருது அறிவிக்கப்பட்டதோடு சரி. பிரான்ஸ் நாடு 1995-ல் செவாலியே விருது கொடுத்தது. அதற்குப் பிறகு 1996-ம் ஆண்டுக்கான தாதாசாகேப் பால்கே விருது வந்தது. 2001 ஜூலை 21-ந் தேதி சென்னையில் மறைந்தார். அதே ஆண்டு அக்டோபர் 1-ல் அவர் நினைவாகத் தபால் தலை வெளியாயிற்று. மெரினாவில் இருந்த சிலை 2017-ல் அடையாறு மணிமண்டபத்துக்கு மாறியது.

பால்கே யார்? நாசிக் பக்கத்துத் திரியம்பகேஸ்வரில் பிறந்த மராத்தியர். 1913-ல் 'ராஜா ஹரிச்சந்திரா' எடுத்து இந்திய சினிமாவைத் தொடங்கியவர். அந்தப் படத்திலும் தாராமதி வேஷம் போட்டது ஓர் ஆண்தான். ஆக, மேடையில் கிடைத்த முதல் பட்டமும் ஒரு மராத்தியரின் பெயர். திரையில் கிடைத்த மிக உயர்ந்த விருதும் ஒரு மராத்தியரின் பெயர். நடுவில் இருந்த ஐம்பது ஆண்டு உழைப்பு மட்டும் அவருடையது.

ஒரு வேண்டுகோள்

அந்த ஞாயிற்றுக்கிழமை மகளை லால் மகாலுக்கு அழைத்துப் போனேன். மகாராஜா சிறு வயதில் வளர்ந்த இடம் என்று அவளே எனக்குச் சொல்லிக் கொடுத்தாள். வீட்டுக்கு வந்து கட்டபொம்மன் படம் போட்டோம். பாதியில் தூங்கிவிடுவாள் என்று நினைத்தேன். ஜாக்சன் துரையிடம் கட்டபொம்மன் பேசும் காட்சி முடியும் வரை கண் இமைக்கவில்லை. "எல்லா வார்த்தையும் புரியலைப்பா" என்றாள். தமிழ் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாத பிள்ளை. தப்பு அவளுடையது அல்ல, என்னுடையது. "ஆனா அவர் பயப்படலேன்னு புரியுது" என்றாள்.

காகா ஓய்வு பெறும் நாளில் அவருக்குச் சால்வை போடுவதாக இருக்கிறோம். "சால்வை இருக்கட்டும், அந்த ஒன்பது வேஷப் படத்தை எழுத்தோடு காட்டு" என்கிறார். மராத்தியிலோ ஆங்கிலத்திலோ கீழே எழுத்து ஓட வேண்டும் என்பது அவர் நிபந்தனை.

இதையே நம் தமிழ் அமைப்புகளுக்கும் ஒரு வேண்டுகோளாக வைக்கிறேன். அக்டோபர் 1-ந் தேதி வரும்போது நாமே கூடி நாமே கைதட்டிக் கலைவதோடு நிறுத்த வேண்டாம். ராஸ்தா பேட்டிலும் கட்கியிலும் தேஹு ரோடிலும் பக்கத்து வீட்டு மராத்தியர்களையும் அழைப்போம். ஒரு மராத்தி நாடகக் கலைஞர் பால கந்தர்வரைப் பற்றிப் பேசட்டும். நம்மவர் ஒருவர் நடிகர் திலகத்தைப் பற்றிப் பேசட்டும். ஒரு படத்தைக் கீழே எழுத்தோடு போட்டுக் காட்டுவோம். திரைப்படப் பயிற்சிக் கல்லூரியும் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகமும் இருக்கும் ஊர் இது. வழிகாட்ட ஆள் கிடைக்காமல் போகாது.

அப்போது, "எங்கள் மகாராஜாவின் பெயர் உங்கள் நடிகருக்கு எப்படி வந்தது?" என்று யாரும் கோபமாகக் கேட்க மாட்டார்கள். கேட்டாலும் பதில் சொல்ல நம் பிள்ளைகளுக்குத் தெரியும்.